அட்லாண்டிக்கைத் தாண்டிய குட்டி விமானம்!

மேனார்ட் ஹில்லுக்கு அப்போது வயது 77. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் மந்தம். ஆனாலும், பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்வதை இந்த அமெரிக்கர் விடவில்லை. ஆசையோ, அட்லாண்டிக்கைத் தாண்டவேண்டும் என்பது!

சர்வதேச விதிப்படி, எரிபொருளோடு சேர்த்தே எடை 5 கிலோதான். முன்பு அனுப்பியவை எல்லாம் கடலோடு போயின. 2003 ஆகஸ்ட் 9 அன்று, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இன்னொன்றைக் கையால் வீசினார். பிறகு ஜி.பி.எஸ்தான் துணை. நடுவில் சில மணி நேரம் சிக்னலே இல்லை. அத்தனை பேருக்கும் வயிற்றில் புளி கரைந்திருக்கும்!

சுமார் 3,000 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். அயர்லாந்துக் கரையில் காத்திருந்த நண்பர் ரிமோட்டால் இறக்கினார். டேங்க்கில் மிச்சம் அரை டம்ளர்கூட இல்லை. செய்தி வந்ததும், ஹில் மனைவியைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதார்.