பீடிப் புகையும் பாதத்துக் குருதிக் குழல்களும்

ஐதராபாத்தின் புறத்தேயுள்ள நாச்சாரம் போன்ற தொழிற்பேட்டைகளில் நின்று உழைப்போருக்குக் கால்வலி புதிதன்று. ஆயின் 45 வயதிற்கு உட்பட்ட ஒருவர், சிறிது தூரம் நடந்ததும் உள்ளங்காலிலோ கெண்டைக்காலிலோ வலி கண்டு நின்று, வலி தணிந்தபின் மீண்டும் நடப்பாராயின், அதனை வாதம் என்று தள்ளிவிடலாகாது. அவர் பீடி புகைப்பவரா என முதற்கண் வினவுதல் வேண்டும்.

இவ்வாறு தொடங்கும் நோய்களுள் ஒன்று பர்கர் நோய். வினிவார்ட்டர் என்னும் ஆஸ்திரிய மருத்துவர் 1879-இல் இதனை விவரித்தார். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர், வெட்டியெடுக்கப்பட்ட 11 உறுப்புகளை ஆராய்ந்து விளக்கவே அவர் பெயர் நிலைத்தது. கைகால்களின் சிறிய, நடுத்தரத் தமனிகளும் சிரைகளும் அழற்சியுற்று, அவற்றுள் குருதி உறைகிறது. முதியோரிடம் காணும் கொழுப்புப் படிவு இதற்குக் காரணமன்று. குழலின் சுவர் பெரும்பாலும் குலையாதிருக்க, உள்வழி மட்டும் அழற்சி அணுக்கள் செறிந்த உறைகட்டியால் அடைபடுகிறது.

புகையிலைப் பொருள்களை எதிர்க்கும் முயற்சியில் உடலின் காப்பாற்றல் தன் குழல்களையே தாக்குகிறது என அறிஞர் கருதுவர். இது இன்னும் முற்றும் நிறுவப்படவில்லை. நிகோட்டின் குழல்களைச் சுருக்கவும் செய்கிறது. தெலுங்கில் துனிகி எனப்படும் பீடி இலை காற்றை எளிதில் உட்புகவிடாது; எனவே பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க நேரும். பீடியில் புகையிலை குறைவு என்னும் ஆறுதல் இவ்விடத்தில் செல்லாது.

புகைப்பதைத் தொடர்வோருக்கு விரல் கறுத்து அழுகி, முதலில் விரலும் பின்னர்க் காலும் இழக்க நேரிடலாம். அழுகல் தொடங்குமுன் அறவே விட்டோருள் பெரும்பாலோர் உறுப்பிழப்பினின்று தப்புகின்றனர். எண்ணிக்கையைக் குறைத்தல் போதாது. நாளொன்றுக்கு ஓரிரண்டு பீடியே நோயை உயிர்ப்புடன் வைத்திருக்கக் கூடும். மெல்லும் புகையிலைக்கு மாறுவதும் பயனற்றது.

களப்பணியாளர் இந்நோயின் புண்ணைத் தொழுநோய்ப் புண்ணெனக் கருதிவிடுதல் கூடும். தொழுநோய்ப் புண் பெரும்பாலும் உணர்ச்சியற்றது; இதுவோ இரவில் உறங்கவிடாது வலிக்கும். உட்புறக் கணுக்கால் எலும்பின் பின்னே விரலை வைத்து நாடித்துடிப்பைத் தேடுக. துடிப்பு தென்படாமல் பாதமும் குளிர்ந்திருப்பின் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. குளிர்ந்த காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்கும் வழக்கத்தைத் தடுத்தல் வேண்டும். குருதியோட்டம் குன்றிய தோல் எளிதில் வெந்துபோகும், அப்புண் ஆறுவதும் அரிது.