ராஜ்கிருஹம்: ஒரு வழக்கறிஞரின் வீடு

மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் உள்ள இந்த வீட்டை டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் 1930களில் கட்டினார், தன் புத்தகங்களுக்கும் சேர்த்து.

தந்தை ராம்ஜி ராணுவ சுபேதார். மகனும் 1913இல் பரோடா சமஸ்தானப் படையில் சில நாட்கள் லெப்டினன்ட். 1923 முதல் பம்பாய் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்.

அவர் வாழ்வின் மகத்தான வழக்கில் அவரே பிரதிவாதி. 1927 மார்ச் 20 அன்று மகாட் ஊரின் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்டோருடன் இறங்கித் தண்ணீர் குடித்தார். குளம் நகராட்சிக்குச் சொந்தம். ஆனாலும் அது தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு கை தண்ணீருக்காக ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது என்பதை இங்கே நின்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1937 மார்ச் 17 அன்று உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோருக்காக அவருடன் அமர்ந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கர் பிறந்த மகர் சமூகத்தாருக்கான ராணுவப் படைப்பிரிவு 1941இல் உருவானதற்கு அவரது வற்புறுத்தலும் காரணம். மறு ஆண்டு வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் அவர்தான் கொண்டுவந்தார்.