மாத்திரைக்குள் இருக்கும் மாவு

தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்ஸின் மாத்திரையின் அட்டையில் 50 மைக்ரோகிராம் என்று இருக்கலாம். ஒரு கிராமை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் அது. அவ்வளவு சிறிய அளவை விரலால் எடுக்கவும் முடியாது, இயந்திரத்தில் அழுத்தி வில்லையாக்கவும் முடியாது. மாத்திரையின் மீதி எடையில் பெரும்பகுதி, பாலிலிருந்து வரும் லாக்டோஸ், சோள ஸ்டார்ச், மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் போன்ற கார்போஹைட்ரேட்டுகள்தான். இவை நோயைத் தீர்ப்பதில்லை. ஆனால் மருந்து எப்போது, எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். கண்ணிகள் கோத்த விதம் மட்டும் வேறு. ஸ்டார்ச்சைச் சற்றே மாற்றிச் செய்யும் சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட், நீர் பட்டதும் பல மடங்கு ஊதி மாத்திரையை உள்ளிருந்தே உடைத்துவிடும். செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் இதற்கு நேர்மாறு: நனைந்ததும் வழவழப்பான கூழ்ப் படலமாகி மருந்தை மணிக்கணக்கில் கசியவிடும். நீடித்து வேலை செய்யும் மெட்ஃபார்மின் மாத்திரைகள் பலவற்றில் நடப்பது இதுதான். சிலருக்கு மலத்தில் மாத்திரை போலவே ஒன்று வெளியேறும். அது பெரும்பாலும் மருந்து கரைந்துபோன வெறும் கூடு. அத்தகைய மாத்திரையைப் பொடித்தோ மென்றோ விழுங்கினால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடக்கூடும்.

மருந்து அதேதான், சேர்மானம் மாறினால் என்ன என்று கேட்கலாம். 1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் காப்ஸ்யூலில் கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் உடல் உறிஞ்சும் அளவு கூடியது. பிரிஸ்பேனில் நோயாளிகள் பலர் தள்ளாட்டம் போன்ற நச்சு அறிகுறிகளோடு வந்தார்கள். அப்படியானால் சேர்மானம் வேறுபடக்கூடிய, விலை குறைந்த ஜெனரிக் மருந்துகளை நம்பக் கூடாதா? அந்த முடிவு சரியல்ல. ரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் மூல மருந்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனைகள் இருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான். லாக்டோஸால் சர்க்கரை ஏறுமோ, வயிறு கெடுமோ என்ற பயமும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை: ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் உண்டு, சிறு மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில்தான். சர்க்கரைப் பாகில் செய்த சிரப்பின் கணக்கு வேறு. நீரிழிவு உள்ளவர்கள் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபெனிட்டாயின், தைராக்ஸின் போல அளவு சற்றே பிசகினாலும் தொல்லை தரும் மருந்துகளை மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் பிராண்டு மாற்றாமல் இருப்பதே நல்லது.