குரங்குக் குட்டிக்கு யார் துணை?

2023 டிசம்பரில் ராணிப்பேட்டை பக்கம் தெருநாய்கள் கடித்த ஒரு நாட்டுக்குரங்குக் குட்டியை, கால்நடை மருத்துவர் ஒருவர் பத்து மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டார். 2024 அக்டோபரில் வனத்துறை அதை வண்டலூர் பூங்காவுக்குக் கொண்டுபோனது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். பார்த்துவர அனுமதி கிடைத்தது, குட்டி கிடைக்கவில்லை.

பாசம் பெரிசுதான். ஆனா குரங்குக்கு இன்னொரு குரங்கு வேணும். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ தனியா அடைத்து வளர்த்த ரீசஸ் குட்டிகள், பிறகு கூட்டத்தோடு சேரத் தெரியாமல் தவித்தன (கொடூரமான சோதனை, சந்தேகமே இல்லை). பேன் பார்ப்பது, பல்லைக் காட்டிப் பணிவது இதெல்லாம் நாம சொல்லித்தர முடியாது.

கூண்டு பெரிசா இருந்தா மட்டும் போதாது. ஏற உயரம், மிரண்டால் ஒளிய மறைவு, தேடித் தின்ன வைக்கோலில் தூவின கடலை வேணும். தட்டில் கொட்டினால் சட்டுனு தின்னு முடிச்சுட்டு, மிச்சப் பொழுதெல்லாம் தன் முடியைத் தானே பிடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.