கண்ணில்லா மீன்குஞ்சும் நம் குடும்பக் கணக்கும்



பிறந்த குழந்தைக்குப் பார்வை இல்லை என்று தெரிந்ததும் லயத்தில் என்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியாததா? "முழுகாமல் இருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாளாம்" என்பார் ஒருவர். "யார் விட்ட சாபமோ" என்பார் இன்னொருவர். எப்படிச் சுற்றினாலும் பழி கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழும். இந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறது ஒரு சின்னஞ்சிறு மீன்.

வண்ணமீன் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரல் நீளம்கூட இராது; உடம்பில் தலை முதல் வால் வரை நீலக் கோடுகள் ஓடும். வரிக்குதிரை மீன் என்று பெயர். இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழ்வது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி எழுதி 1822-ல் வெளியிட்ட நூலில் இதையும் சேர்த்தார்.

விஞ்ஞானிகள் இந்த மீனை விரும்பக் காரணம் அதன் முட்டை. கண்ணாடி போன்றது. தாயின் வயிற்றுக்கு வெளியே, தண்ணீரிலேயே கரு வளர்கிறது. முட்டை கருவுற்ற அரை நாளில் மூளையின் இரு பக்கமும் இரண்டு மொட்டுகள் புடைத்து வருவதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். அவைதாம் கண்கள். ஐந்தாம் நாள் குஞ்சு இரையைப் பார்த்துத் துரத்தும். மனிதக் கருவிலும் கண் மூளையிலிருந்து இப்படித்தான் மொட்டு விடுகிறது. ஆனால் அதை நாம் இருந்த இடத்தில் இருந்து பார்க்க முடியுமா?

அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இம்மீனைக் கொண்டு பரம்பரை ஆராய்ச்சிக்கு வழி செய்தார். அவருடைய முக்கியமான கட்டுரை வெளிவந்த ஆண்டு 1981. பிறகு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானி பெரிய அளவில் இறங்கினார். ஆண் மீன்களின் மரபணுக்களில் ரசாயனத்தால் பழுது உண்டாக்கி, அவற்றின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வரை சோதித்தார்கள். 1996-ல் முடிவுகள் வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பழுதுகள்! சில குஞ்சுகளுக்குக் கண் சிறுத்திருந்தது. சிலவற்றுக்கு இரு கண்ணும் ஒட்டி நடுவில் ஒன்றாகி இருந்தது. கண்ணே இல்லாத வகையும் இம்மீனில் உண்டு. அந்த வகைக்கு 'சோக்' என்று பெயர். வங்காளியில் கண் என்று பொருள். கண்ணில்லாததற்குக் கண் என்று பெயர் வைத்த வேடிக்கையைப் பாருங்கள். ஆர்.எக்ஸ்.3 என்னும் ஒரே ஒரு மரபணு கெட்டதுதான் காரணம் என்று 2003-ல் எழுதினார்கள். கண்ணாக வேண்டிய அணுக்கள் வழிதவறி மூளையின் முன்பகுதியாகி விடுகின்றன. இதற்கு இணையான 'ராக்ஸ்' மரபணு நம்மிடமும் உண்டு. அதன் இரு பிரதிகளும் பழுதானால் விழி இல்லாமலோ, மிகச் சிறுத்தோ குழந்தை பிறக்கிறது.

இரு பிரதிகள் என்றேனே, அது என்ன? அதை விளக்கச் செம்பனையைவிட நல்ல உதாரணம் இல்லை. பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் தெனாமாரம் தோட்டம் இருக்கிறதல்லவா? இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917-ல் அங்கேதான் போடப்பட்டது. அந்தக் காலத்துச் செம்பனை 'டூரா'. கொட்டையின் ஓடு தடிப்பாக இருக்கும். 'பிசிபெரா' என்ற வகைக்கு ஓடே கிடையாது, பெரும்பாலும் குலையும் தேறாது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள 'தெனெரா'. நீங்கள் இன்று வெட்டுவது அதைத்தான். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. தெனெராவின் உதிரிப் பழத்தை எடுத்து நட்டால் எல்லாம் தெனெராவாக வருமா? வராது. தெனெராவும் தெனெராவும் சேர்ந்தால் நான்கில் ஒன்று டூரா, இரண்டு தெனெரா, ஒன்று பிசிபெரா. அதனால்தான் நாற்றுக்கு விதையைத் தனியாக வாங்குகிறார்கள்.

மீனிலும் இதே கணக்குத்தான், ஒரு வித்தியாசத்தோடு. ஒரு பிரதி மட்டும் கெட்ட தெனெராவை ஓட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பிரதி மட்டும் கெட்ட மீனுக்கோ கண் நன்றாகவே இருக்கும். குறை உள்ளே ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இரு மீன்கள் சேர்ந்து இருநூறு முட்டை இட்டால் ஏறக்குறைய ஐம்பது குஞ்சுக்குக் கண் இராது.

டூபிங்கனில் ஒளிந்திருந்த குறையை வெளியே கொண்டுவர என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே குடும்பத்து மீன்களை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். இங்கேதான் நம் வீட்டு விஷயம் வருகிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பொதுவில் கொண்டவர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்க இடம் அதிகம். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள மலேசியத் திருமணச் சட்டம், தாய்மாமன் உறவில் மணக்கும் இந்துக்களின் வழக்கத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை; மரபணுவின் கணக்கு வேறு. அதற்காகச் சொந்தத்தில் மணந்தவர்கள் திகில் அடைய வேண்டாம். அவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். சொந்தமே இல்லாத தம்பதிக்கும் இந்தக் குறை நேர்வதுண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும்" என்று கணக்குப் போடுவது தவறு. இரு பெற்றோரிடமும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு புதிதாகப் பிறக்கிறது. தாயும் தந்தையும் ஆளுக்குப் பாதி கொடுத்தால்தான் இந்த வகைக் குறை வரும் என்பதையும், மருமகளைத் திட்டும் மாமியார்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லாப் பார்வைக் குறையும் பரம்பரை அல்ல. கர்ப்ப காலத்தில் ருபெல்லா அம்மை, குறைப்பிரசவம், வைட்டமின் 'ஏ' பற்றாக்குறை இவையும் கண்ணைக் கெடுக்கும். மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரை கொடுப்பது நல்லதுதான். ஆனால் பரம்பரையாக வரும் மாலைக்கண்ணைக் கீரை நிறுத்தாது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ தள்ளிப் போடாமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பும்படி கேட்கலாம். போகுமுன் பாட்டன் பாட்டி வரை யார் யாருக்கு என்ன குறை, யார் யாரைச் சொந்தத்தில் மணந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.