அவசரப் பாவசங்கீர்த்தனம்

மனுவைப் படிக்காமலே அதிகாரி தூக்கிப் போட்டால், 'ஷார்ட் ஷ்ரிஃப்ட்' கொடுத்தார் என்பது ஆங்கில வழக்கு. ஷ்ரிஃப்ட் என்றால் பாவசங்கீர்த்தனம். மரண தண்டனைக் கைதி பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும். அதற்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் ஹேஸ்டிங்ஸ் பிரபுவை இப்படித்தான் அவசரப்படுத்துகிறார்கள். கோமகனுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதாம்!

நாடகம் எழுதப்பட்ட அதே 1590-களில் சந்திரகிரியில் ஆண்டவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். இயேசு சபைப் பாதிரிமார்கள் அவரது அரசவைக்கு வந்து போனார்கள். 1614-ல் ராயர் இறக்க, அவர் கைகாட்டிய அண்ணன் மகன் ஸ்ரீரங்கன் பட்டமேறினார். ராயரின் ராணிகளில் ஒருத்தியின் சகோதரனான ஜக்கராயனுக்கு இது பொறுக்கவில்லை. ராணி தன் மகன் என்று வளர்த்த சிறுவனே அரசனாக வேண்டும் என்றான். ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு வேலூரில் சிறைவைத்தான். விசாரணை ஏது? மனைவி மக்களோடு கதை முடிந்தது.

தப்பியவன் மகன் ராமன் மட்டுமே. யாச்சம நாயக்கரின் ஏற்பாட்டில், சலவைக்கு எடுத்த துணிமூட்டைக்குள் வைத்து ஒரு வண்ணார் அவனை வெளியே கொண்டுவந்துவிட்டார். பர்ராடாஸ் என்ற இயேசு சபைப் பாதிரியாரின் 1616-ம் ஆண்டுக் கடிதம் இதை விவரிக்கிறது. தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் மாண்டான்; மூட்டையில் வந்த பையன் ராமதேவ ராயரானார்.