வாங்கிய படமும் வாடகைப் படமும்

அமெரிக்கக் கல்லூரி நூலகங்களுக்கு இணையவழியே படம் தரும் சேவைகளில் கேனோபி முக்கியமானது. அது பரவலாக்கிய கணக்கு இப்படி: ஒரு படத்தை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடியாவது யாராவது ஓடவிட்டால், ஓராண்டு உரிமக் கட்டணமாகச் சுமார் 150 டாலர் நூலகத்தின் கணக்கில் ஏறிவிடும். பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு என்பதால் தொடக்கத்தில் இது சிக்கனமாகவே தெரிந்தது. ஆனால், வருடந்தோறும் பாடத்தில் வரும் படத்துக்கு வருடந்தோறும் கட்ட வேண்டும். பத்தாவது வருடத்திலும் அது நூலகத்துக்குச் சொந்தமில்லை. கட்டணம் நின்றால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் நகரம் பார்த்துவிட்டது. செலவு கட்டுப்படியாகாமல் அங்குள்ள மூன்று பொது நூலக அமைப்புகளும் 2019 ஜூலை 1 முதல் கேனோபியை நிறுத்தின. ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே நாளில் வாசகர் கையைவிட்டுப் போயின.

டிவிடியோ புளூ-ரேயோ வாங்கி வைத்திருந்தால் நிலைமை வேறு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, விலைகொடுத்து வாங்கிய பிரதியை இரவல் தர யாருடைய அனுமதியும் வேண்டாம். வகுப்பறையில் போட்டுக் காட்ட 110ஆம் பிரிவு இடம் தருகிறது. தட்டு பழுதாகி, நியாயமான விலையில் புதிதும் கிடைக்காவிட்டால் நூலகமே மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 108. ஸ்ட்ரீமிங்கிலோ ஒப்பந்தத்தில் எழுதியதுதான் எல்லாம். அது முடிந்தபின் பிரதி எடுக்கக் கையில் ஒன்றுமே இருக்காது.

தட்டு மட்டும் சாகாவரம் பெற்றதா என்று கேட்பார்கள். இல்லைதான். டிவிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், 0.6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. நடுவே இருக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சுதான் சிவப்பு லேசரைத் திருப்பி அனுப்புகிறது. விளிம்பில் பசை விட்டுப்போனால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் ஆக்சைடாக மாறும், பளபளப்பு போகும், லேசரால் படிக்க முடியாது. மேலே விழும் சிறு கீறலை, தகவலோடு சேர்த்துப் பதிந்துள்ள பிழைதிருத்தக் குறியீடு பெரும்பாலும் சமாளித்துவிடும். உள்ளே பிடிக்கும் இந்த அரிப்பை எல்லை தாண்டினால் சமாளிக்காது. ஆனாலும் இது தட்டுக்குத் தட்டு, மெதுவாக நடக்கிற சேதம். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வைத்து, அவ்வப்போது ஓட்டிப் பார்க்கும் நூலகர் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஒப்பந்தம் முடியும் நாளை எந்தப் பராமரிப்பாலும் தள்ளிப்போட முடியாது.

மாணவர்களின் மடிக்கணினியில் டிவிடி டிரைவே இல்லை, தொலைதூர வகுப்புக்குத் தட்டு உதவாது என்ற வாதம் இதைவிட வலுவானது. ஒரு தட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுத்துப் போக முடியும் என்பதும் உண்மை. அதனால் ஒரு பருவத்துக்குத் தேவையான படங்களை ஸ்ட்ரீமிங்கில் தருவதில் தவறில்லை. அதைக் காரணமாக்கி அலமாரியைக் காலி செய்வதுதான் தவறு. நெட்ஃப்ளிக்ஸ் தன் டிவிடி வாடகையை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இன்று கழித்துக் கட்டும் தட்டை நாளை தேடினால் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. தட்டாக வெளிவராத படங்களுக்கு, கோப்பையே வாங்கித் தம் சர்வரில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை நூலகங்கள் கேட்டுப் பெற வேண்டும். சில ஆவணப்பட விநியோகஸ்தர்கள் கல்லூரிகளுக்கு அப்படி விற்கவும் செய்கிறார்கள்.